மஞ்சள் ரேக்கில் பன்னிரண்டு நாள்

ஷாகுல் ஹமீது போன வாரம் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். "அண்ணே, இப்ப நம்ம கம்பெனியில காலையில ஆர்டர் போட்டா சாயங்காலம் வீட்டு வாசல்ல சாமான் நிக்குது. அப்படியும் நாலு மணி நேரம் லேட்டுன்னு போன்ல நம்மளக் கிழிக்கிறானுவ. புதுசா வந்திருக்கிற புள்ளைவளால தாங்க முடியல. நீங்க இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. கஸ்டமர எப்படி சமாளிக்கிறதுன்னு ரெண்டு பக்கம் எழுதி அனுப்புங்களேன்." ஷாகுல் அதிராம்பட்டினத்துக்காரன். ஷார்ஜாவில் பல வருஷம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். இப்போது வாடிக்கையாளர் பிரிவுக்கே பொறுப்பாளர்.

அவன் கேட்டபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் யோசித்தும் சமாளிக்கும் வழி ஒன்றும் பேனாவில் இறங்கவில்லை. சமாளித்துச் சமாளித்துத்தான் நான் ஓய்ந்தேன். பரமக்குடிக்குத் திரும்பிச் சில வருஷம் ஆகிவிட்டது. இன்னும் யாராவது என்னிடம் "வந்துருச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டால்கூட நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். ஆகவே ஷாகுல், நீ கேட்டது இதில் இருக்காது. இருப்பதை எழுதுகிறேன்.

நான் வளைகுடாவுக்குப் போனது விமானச் சரக்குக் கொட்டகையில் மூட்டை ஏற்றும் ஹெல்ப்பராக. ஏழெட்டு வருஷம் முதுகு உழைத்தது. பிறகு முதுகு முடியாது என்றது. இங்கிலீஷில் முகவரி படிக்கத் தெரியும், இந்தி பேச வரும் என்பதால் கூரியர் கம்பெனி ஒன்றில் கவுண்டரில் போட்டார்கள். மூன்று நாள் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார். நாலாம் நாள் அவர் லீவில் ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. என் பயிற்சி அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இண்டர்நெட்டில் பொருள் வாங்கும் மோகம் வந்தது. ஆனால் அமெரிக்கக் கடைகள் பெரும்பாலும் எமிரேட்ஸுக்கு நேராக அனுப்பமாட்டா. அனுப்பினாலும் அங்கே யாருக்கும் வீட்டு முகவரி என்று ஒன்று கிடையாது. கம்பெனியின் போஸ்ட் பாக்ஸ் நம்பரும் கைப்பேசி நம்பரும்தான் ஒரு மனிதனின் முகவரி. எங்கள் கம்பெனி இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. பதிவு செய்துகொண்டால் அமெரிக்காவில் எங்கள் கிடங்கின் முகவரியைத் தருவோம். கூடவே ஒரு நம்பர். அந்த நம்பரைப் போட்டு எதை ஆர்டர் செய்தாலும் கிடங்குக்கு வரும். அங்கிருந்து நாங்கள் ஷார்ஜாவுக்குக் கொண்டுவருவோம். அதில் இரண்டு விதம். எக்ஸ்பிரஸ் என்றால் நாலு நாள், கட்டணம் கடுமை. எக்கானமி என்றால் 'பத்து முதல் இருபத்தைந்து நாள்', கட்டணம் அதில் மூன்றில் ஒரு பங்கு. எங்களிடம் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எக்கானமிதான்.

எக்கானமிக்காரர்கள் மாதிரி பார்சலை நினைத்துக்கொண்டே இருப்பவர்கள் வேறு யாரும் இல்லை. அதிகப் பணம் கொடுத்தவன் மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பான். குறைத்துக் கொடுத்தவனுக்குப் பத்தாம் நாளிலிருந்து தூக்கம் வராது. குவைத்துக்கும் சவூதிக்கும் போகிற பார்சல்களின் விசாரணையும் எங்கள் மேஜைக்குத்தான் வரும். குவைத்தில் ஃபஹாஹீலில் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் தினமும் பதினொரு மணிக்குக் கூப்பிடுவார். முதல் வாரம் திட்டினார். இரண்டாம் வாரம் கெஞ்சினார். மூன்றாம் வாரம், "தம்பி, வந்துடுச்சான்னு கேக்கலை. சொகமா இருக்கீங்களான்னுதான் கேக்குறேன்" என்று ஆரம்பித்தார். அவர் பெண் எத்தனையாம் வகுப்பு, அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி ஆயிற்று. பார்சல் போய்ச் சேர்ந்ததும் போன் நின்றது. சில நாள் பதினொரு மணிக்கு எனக்குக் கை பரபரத்தது உண்மை.

சவூதியில் ஜுபைல் பெட்ரோகெமிக்கல் ஆலையில் வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன் குளிருக்கென்று ஜாக்கெட் ஆர்டர் செய்தார். நவம்பரில் ஆர்டர், சவூதி கஸ்டம்ஸில் மாட்டி ஏப்ரலில் கையில். "சார், இங்க வெளியில வெயில் மண்டையப் பொளக்குது. இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்துக்கவா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அதைக் கேட்டு அவரும் சிரித்துவிட்டார். அந்த மாதம் நான் சிரித்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

எங்கள் மேலாளர் மெண்டோன்சா சார். மங்களூர்க்காரர். எல்லோரிடமும் இந்தியில்தான் பேசுவார். தமிழ் புரியும், பேசமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் கேபினுக்குள் கூப்பிட்டு, தன் கையாலேயே பாலில்லாத சுலைமானி டீ ஊற்றிக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருப்பார். அந்தக் கட்டன் சாயா கடைசி மடக்கு இறங்குவதற்குள் நமக்கே நம் குற்றமெல்லாம் ஞாபகம் வந்துவிடும். என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தந்தி மாதிரி போன் வந்தபோது, லீவு இல்லாத எனக்கு டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து, "ஜாவ் பாய், காம் ஹோதா ரஹேகா" என்று அனுப்பியவர். வேலை தன்பாட்டுக்கு நடக்கும், நீ போ என்றார். அவரைக் கெட்டவர் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

கவுண்டரில் ஒவ்வொருவருக்கும் முன்னால் அவர் எழுதிய அட்டை ஒன்று ஒட்டியிருக்கும். 'லேட்' என்ற சொல் கூடாது. 'தெரியாது' கூடாது. 'நாளைக்கு' கூடவே கூடாது. பார்சல் எங்கே இருந்தாலும் 'டிரான்சிட்டில் இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். முதல் தடவை கேட்டால் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதில். இரண்டாம் தடவை கேட்டால் இருபத்துநாலு மணி நேரத்தில் நாங்களே கூப்பிடுவதாகச் சொல்வது. மூன்றாம் தடவைதான் பச்சை ஃபாரம். அதில் பார்சல் நம்பர், எடை, அனுப்பியவர், உள்ளே என்ன, கடைசியாக எந்த ஊரில் ஸ்கேன் ஆனது எல்லாம் எழுதி அவர் மேஜையில் வைக்க வேண்டும். பச்சை ஃபாரம் எழுதினால் பெரும்பாலோர் சமாதானம் ஆகிவிடுவார்கள். எழுதுவதைப் பார்ப்பதிலேயே மனிதனுக்கு ஒரு நிம்மதி.

எக்கானமி பார்சலும் எக்ஸ்பிரஸ் பார்சலும் ஒரே விமானத்தில்தான் வந்துகொண்டிருந்தன. வித்தியாசம், எக்கானமி அமெரிக்கக் கிடங்கில் ஒரு முழு லாட் சேரும்வரை காத்திருக்கும். அது சேர ஐந்தாறு நாள். ஆக எப்படியும் பத்து பன்னிரண்டு நாளில் ஷார்ஜாவுக்கு வந்துவிடும். இது எங்களுக்குத் தெரியும். வெளியே சொல்லக்கூடாது. ஆனால் நம்ம ஊர்க்காரர் என்று ஒருவர் கவுண்டருக்கு வந்து இரண்டு கட்டணத்தையும் பார்த்து முழித்துக்கொண்டு நின்றால், குரலைத் தாழ்த்திச் சொல்லிவிடுவோம். நான் சொல்வேன், ஷாகுலும் சொல்வான், மலையாளிப் பையன்கள் அவர்கள் ஆட்களுக்குச் சொல்வார்கள். அது விசுவாசக் குறைவு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. ஊர்க்காரனுக்கு நாலு காசு மிச்சம் பண்ணிக் கொடுப்பதைத் தர்மம் என்றுதான் நினைத்தோம்.

பாண்டிக்கும் அப்படித்தான் சொன்னேன். முதுகுளத்தூர்ப் பக்கம். ஷார்ஜாவின் ஹம்ரியாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் வெல்டர், பதினாலு வருஷ சர்வீஸ். நாற்பது வயது இருக்கும். கண் எப்போதும் சிவந்து, ஓரத்தில் நீர் கட்டியிருக்கும். கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டேதான் பேசுவார். வெல்டிங் இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதப்போவதாகச் சொன்னார்.

"அண்ணே, இந்தக் கண்ணு இன்னும் ரெண்டு வருசம் தாங்காதுண்ணே. இன்ஸ்பெக்டர் ஆயிட்டா வெல்டிங் அடிக்க வேண்டாம், அடிச்சத பாத்தா போதும்" என்றார்.

அது மட்டுமில்லை. துபாயில் கட்டடங்கள் பாதியில் நிற்க ஆரம்பித்திருந்த வருஷம் அது. கிரேன்கள் அசையாமல் நின்றன. யார்டில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. ஃபோர்மேன் பாண்டியிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். பரீட்சை பாஸ் பண்ணினால் இன்ஸ்பெக்டராக வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் உன் பெயரும் லிஸ்டில் இருக்கிறது என்று.

பரீட்சையில் ஒரு பகுதி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது. வெல்டிங் விதிகள் அடங்கிய தடித்த புத்தகம். அச்சுப் புத்தகமாக இருக்க வேண்டும், ஜெராக்ஸ் கூடாது. பாண்டி ஒரு வருஷமாக ஜெராக்ஸை வைத்துத்தான் படித்திருந்தார். தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கலாம் என்றால், புத்தகம் வைத்திருப்பவர்கள் எல்லாம் அதே அன்று அதே பரீட்சை எழுதுகிறார்கள். புதுப் புத்தகத்தின் விலை அவரது ஒன்றரை மாதச் சம்பளம். அமெரிக்காவில் யாரோ விற்ற பழைய பிரதி ஒன்றை ரூம்மேட்டின் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்திருந்தார். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

ஃபாரத்தில் எக்ஸ்பிரஸ் கட்டத்தில் டிக் அடிக்கப் பேனாவை வைத்தார். நான்தான் கையைப் பிடித்தேன். "என்னத்துக்குப் பாண்டி? ரெண்டும் ஒரே ஃபிளைட்லதான் வருது. எக்கானமியே போடுங்க. பன்னெண்டு நாள்ல வந்துரும்" என்றேன்.

"நெசமாவாண்ணே?"

"நான் இருக்கேன்ல."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. அவர் சிரித்துக்கொண்டே எக்கானமியில் டிக் அடித்தார்.

அதற்குப் பத்து நாள் கழித்து மெண்டோன்சா சார் எங்களை எல்லாம் கேபினுக்கு அழைத்தார். எல்லோருக்கும் சுலைமானி. எக்ஸ்பிரஸ் வருமானம் பாதியாகிவிட்டது, தலைமை அலுவலகத்தில் ஆள் குறைப்பு ஆரம்பித்துவிட்டது, எங்கள் கிளையில் ஏற்கெனவே இரண்டு பேர் போயிருக்கிறார்கள் என்றார். பிறகு மெதுவாக, "சஸ்தா மால் ஜல்தி ஆயேகா, தோ மெஹங்கா கோன் லேகா?" என்றார். மலிவானது சீக்கிரம் வந்தால் விலை கொடுப்பவன் எவன் என்று அர்த்தம். நாங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதுக்குப் போயிருந்தது. யாரையும் பெயர் சொல்லவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

மறுநாள் கவுண்டருக்குப் பின்னால், பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்பு ரேக் வந்தது. நாலு காலிலும் மஞ்சள் டேப். எக்கானமி பார்சல் எந்த நாளில் வந்தாலும் அதில் ஏற வேண்டும். அமெரிக்கக் கிடங்குக்கு வந்த நாளிலிருந்து இருபத்தோராம் நாள்தான் இறங்க வேண்டும். அதுவரை கம்ப்யூட்டரில் டிரான்சிட். வந்த தேதி ஸ்டாம்பு பெட்டியின் மேல் இருக்கும். கொடுக்கும்போது அந்த ஸ்டாம்பை மறைத்து வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. நடுவில் வாடிக்கையாளர் மிச்சக் கட்டணத்தைக் கட்டி எக்ஸ்பிரஸுக்கு மாற்றிக் கேட்டால் உடனே கொடுக்கலாம். ஆனால் அவராகவே கேட்க வேண்டும். நாங்கள் வாயைத் திறக்கக்கூடாது. நாம் சொன்னால் பார்சல் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும் அல்லவா?

பாண்டியை உடனே கூப்பிட்டுச் சேவையை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அவர் நினைப்பே வரவில்லை. புத்தகம் அதற்குள் கிடங்குக்கு வந்து கிளம்பியிருக்கும் என்றுதான் நினைத்திருப்பேன். அதுவும் தப்பு. புத்தகத்தை விற்றவரும் ஒரு சிக்கனக்காரர். அந்த நாட்டிலேயே ஆக மலிவான தபாலில் போட்டிருந்தார். எங்கள் கிடங்குக்கு வந்து சேரவே மூன்று வாரம் பிடித்தது. அங்கே வந்த ஒன்பதாம் நாள், ஒரு திங்கட்கிழமை, ஷார்ஜாவுக்கு வந்தது. பரீட்சை அந்த வாரம் சனிக்கிழமை.

பெட்டியை ரேக்கில் ஏற்றியவன் நான்தான். பெயரை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். நேரே மெண்டோன்சா சாரிடம் போனேன். பரீட்சை விஷயத்தைச் சொன்னேன், வேலை போய்விடும் என்பதைச் சொன்னேன், மிச்சக் கட்டணத்தை நானே கட்டிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் டீ ஊற்றினார். நான் குடித்து முடித்தேன்.

"தங்கராஜ் பாய்," என்றார், "ஏக் கோ தியா தோ சப்கோ தேனா படேகா." ஒருத்தனுக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்கணும். மற்றதையும் இந்தியிலேயே சொன்னார். "அவனே வந்து மாத்திக் கேட்டா தாராளமா குடு. எனக்கும் சந்தோஷம். நீ கட்டாதே, நீ சொல்லாதே. உன் விசா லெட்டர் இந்த மாசம் தலைமை அலுவலகத்துக்குப் போகணும். நான்தான் கையெழுத்துப் போடணும். என்ன எழுதணும்னு அவங்க என்கிட்டதான் கேப்பாங்க." மிரட்டுகிற குரல் இல்லை. ஒரு கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்கிற குரல். அதனால்தான் எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. மூத்த பெண்ணுக்கு நர்சிங் இரண்டாம் வருஷம். அந்த வயதில் வெளியே தள்ளினால் விசா கொடுக்கிற கஃபீல் வேறு எவனும் எடுக்கமாட்டான். இதெல்லாம் உண்மை. பல வருஷம் இந்த உண்மைகளை எண்ணிப் பார்த்து மனசை ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.

பாண்டிக்கு வாரம் முழுக்க டூட்டி, வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. எங்கள் கவுண்டர் வெள்ளியன்று ஜும்மா தொழுகை முடிந்து நாலு மணிக்குத் திறக்கும். நாங்கள் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் வெளியே நின்றிருந்தார். சலவைச் சட்டை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஹால் டிக்கெட்டும் இரண்டு பென்சிலும். மறுநாள் காலை எட்டு மணிக்கு துபாயில் பரீட்சை என்பதால், ஜெராக்ஸைப் புரட்டிப் பார்க்க அங்கே ஒரு ஊர்க்காரர் ரூமில் அன்று தங்கப் போவதாகச் சொன்னார்.

"வந்துருச்சாண்ணே?"

கம்ப்யூட்டரைத் தட்டினேன். தட்டத் தேவையே இல்லை. எனக்குப் பின்னால் பத்தடியில் பிளைவுட், அதற்குப் பின்னால் மூன்றாவது தட்டு, இடப்பக்கம். இடப்பக்கக் கண்ணாடிக் கேபினில் மெண்டோன்சா சார் ஏதோ காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரான்சிட்ல இருக்கு பாண்டி" என்றேன்.

"டிரான்சிட்னா எங்கிட்டுண்ணே? இந்த ஊருக்கு வந்துருச்சா, இன்னும் அங்கிட்டுதான் கெடக்கா?"

"டிரான்சிட்லதான் காட்டுது."

அவர் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஷாகுல் பக்கத்து நாற்காலியில் இருந்தான். அவனுக்கும் எல்லாம் தெரியும். ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து ஸ்டேப்லர் அடிக்க ஆரம்பித்தான்.

அவராகவே கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியை அவர் வாயில் வரவழைக்க நான் என்னென்னவோ செய்தேன். "ஃபாரத்துல என்ன போட்டோம், எக்கானமியா?" என்றேன், எனக்குத் தெரியாத மாதிரி. "ஆமாண்ணே, நீங்கதான சொன்னீக" என்றார். "எக்ஸ்பிரஸ்னா வேற மாதிரி" என்றேன். "அது சரிண்ணே, விடுங்க, இப்ப அதப் பேசி என்ன பண்ண" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். கேபினுக்குள் காகிதம் புரளும் சத்தம் நின்றிருந்தது.

"வேற ஏதாச்சும் கேக்கணுமா பாண்டி? என்ன வேணும்னாலும் கேளுங்க. யோசிச்சுக் கேளுங்க."

"கேக்குறதுக்கு என்னண்ணே இருக்கு? வந்திருந்தா நீங்க போன் அடிக்காமயா இருந்திருப்பீக?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பச்சை ஃபாரத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பெயர், நம்பர், எடை இரண்டு கிலோ நூறு, உள்ளே இருப்பது புத்தகம். நான் எழுதுவதை அவர் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில், "உங்க விசா என்னாச்சுண்ணே? இந்த மாசம்தான முடியுது?" என்று விசாரித்தார். எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். "லெட்டர் போகணும். சார் கையெழுத்துக்குக் காத்திருக்கேன்" என்றேன். "போட்டுருவாருண்ணே. நல்ல மனுசன்" என்றார், கேபின் பக்கம் பார்த்து. பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, துபாய் பஸ் பிடிக்கப் போனார்.

ஷாகுல் ஸ்டேப்லரைக் கீழே வைத்தான். "ஓடிப்போய்ச் சொல்லிடவாண்ணே?" என்று கேட்டான். அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஷாகுல், நீ கேட்டாய், நான்தான் தடுத்தேன். அது உன் கணக்கில் இல்லை.

அவர் நம்பர் என் சட்டைப்பையில் இருந்தது. அஜ்மான் பஸ்ஸில் ரூமுக்குப் போகும்போது போனை எடுத்தேன். சொன்னால் என்ன செய்வார், பூட்டிய ஆபீஸை உடைப்பாரா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு மறுபடி உள்ளே வைத்தேன். மெண்டோன்சா சாரிடம் சாவி இருந்தது. பாண்டி வந்து சத்தம் போட்டிருந்தால் திறந்திருப்பார். எனக்குத் தெரியும்.

பரீட்சைக்கு அடுத்த சனிக்கிழமை இருபத்தோராம் நாள். பெட்டியை ரேக்கிலிருந்து இறக்கி, பாண்டிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். வெள்ளை ஸ்டிக்கரைக் கையில் எடுத்து ஸ்டாம்புக்கு மேலே கொண்டுபோனவன், ஒட்டவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. வாயால் சொல்லத் துணிவில்லாதவன் பெட்டியைச் சொல்ல விட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் ஒரு வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வந்தார். பரீட்சை ஹாலில் முதல் இரண்டு பகுதிகளை எழுத விட்டார்கள், மூன்றாவதற்குப் புத்தகம் இல்லாமல் உட்கார முடியாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். ரசீதில் கையெழுத்துப் போட்டார். பிறகு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெல்டர்கள் எந்தச் சாமானையும் அப்படித்தான் பார்ப்பார்கள். தகட்டில் குத்தியிருக்கும் நம்பரையும் தேதியையும் வாசிக்காமல் வேலையில் இறங்கமாட்டார்கள். ஸ்டாம்பின் மேல் அவர் கட்டைவிரல் நின்றது.

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மறுபடி ஸ்டாம்பைப் பார்த்தார்.

"நான் அன்னைக்கு வந்தப்ப இது எங்கண்ணே இருந்துச்சு?"

நான் திரும்பாமல் பின்னால் கையைக் காட்டினேன்.

"குடுத்திருக்க வழியே இல்லயாண்ணே?"

"மிச்சக் கட்டணத்தக் கட்டி எக்ஸ்பிரஸுக்கு மாத்துங்கன்னு நீங்களா கேட்டிருந்தா குடுத்திருக்கலாம். நாங்களா சொல்லக்கூடாது."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வந்தேன், வரவில்லை. அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் ஆயிரத்தோராவது திட்டாக வாங்கிக்கொண்டிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம். அவர் கண்ணை ஒற்றிக்கொண்டு பெட்டியை என் பக்கமே நகர்த்தினார்.

"இத இங்கயே வச்சுக்கங்கண்ணே. யாரும் பரீட்சை எழுதுறவன் வந்தா குடுங்க. என் விசாவக் கேன்சல் பண்ணிட்டாக, பத்து நாள்ல ஊருக்கு ஃபிளைட். முப்பது கிலோதான் விடுவான். இது வேற ரெண்டு கிலோ."

நான் பெட்டியைத் தொடவில்லை. அவர் வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"அண்ணே, உங்க விசா அடிச்சுட்டாகளா?"

முதல் நாள்தான் பாஸ்போர்ட் திரும்பி வந்திருந்தது. மேஜை இழுப்பறையில் இருந்தது.

"அடிச்சுட்டாங்க பாண்டி. மூணு வருசத்துக்கு."

"சரிண்ணே" என்றார். "நம்ம பக்கத்துல யாராச்சும் ஒரு ஆளாவது இங்க இருக்கணும்ல." கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனசாரத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் நான் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன், ஷாகுல். அதையும் சேர்த்து மூன்று தடவை விசா புதுப்பித்தார்கள்.